யார் பேரும் விடாத ரிப்போர்ட்

ஜன்னலோரம் நீங்களே உக்காந்துக்குங்க அம்மிணி, எனக்குக் காத்து ஆகாது. தாராபுரம் வரைக்குமுங்களா? நானும் அங்கதான், தங்கச்சி வீட்டுக்கு. விசேசமெல்லாம் ஒண்ணுமில்லீங்க, சும்மா. புதங்கிழமையும் அதுவுமா ஒரு பொம்பளை வேலைக்கு மட்டம் போட்டுட்டுத் தங்கச்சி வீட்டுக்குப் போகக் கூடாதுங்களா? கோவிச்சுக்கிட்டுப் போறனான்னு கேக்கறீங்களே, மூஞ்சியில அப்படியா எழுதியிருக்குது? கோவமெல்லாம் கெடையாதுங்க. கோவமா இருந்தா நாலு வார்த்தை சொல்லிட்டுல்ல வந்திருப்பேன். சொல்லாமத்தானே வந்திருக்கேன்.

என்ற பேரு தவமணிங்க. கரூர்ல பஸ் பாடி கட்டற பட்டறையில ஸ்டோர் பாக்கறேன். சேசிஸ் பாத்திருப்பீங்க. எஞ்சினும் சக்கரமுமா, மேல ஒண்ணுமே இல்லாம, டிரைவரு ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு ரோட்டுல ஓட்டிக்கிட்டுப் போவாரே, அது. அது எங்க பட்டறைக்குள்ள நொழைஞ்சா பஸ்ஸா வெளிய வரும். பட்டறைன்னதும் பெருசா நெனைச்சுக்காதீங்க, நாங்க அஞ்சே பேரு. மொதலாளி நாச்சிமுத்தண்ணன். வெல்டிங்குக்கு மேஸ்திரி செங்கோடன், வயரிங்குக்குத் தினகரன், பெயிண்டுக்கு ரஹீம் பாய். அப்புறம் போல்ட்டு நட்டு எடுத்துக் குடுக்கறதுக்கு நான்.

ரெண்டு வருசமா சொல்லிக்கற மாதிரி வேலையே இல்லீங்க. பெரிய பட்டறைக்காரங்க வர்ற வண்டியை எல்லாம் வாரிக்கிட்டாங்க. இந்த ஆவணியிலதான் திண்டுக்கல் பக்கமிருந்து ஒரு கண்ணாஸ்பத்திரிக்காரங்க வந்தாங்க. ஊர் ஊராப் போயிக் கண்ணு பாக்கறதுக்கு ஒரு வண்டி வேணும், உள்ளயே மிசினு, படுக்கை எல்லாம் வரணும்னாங்க. இதைச் சொன்ன தேதிக்கு ஒழுங்காக் கட்டிக் குடுத்தா இன்னும் நாலு வண்டி உங்களுக்கேன்னாங்க. அந்த நாலும் வந்தாப் பட்டறை நிக்கும். வரலைன்னா மூட வேண்டியதுதான். மொதலாளியோட மச்சினரு அந்த எடத்துல கல்யாண மண்டபம் கட்டப் படமே வரைஞ்சு வெச்சிருக்காரு. எங்களைப் பாக்க வர்றப்பல்லாம் கையில எடம் அளக்கற டேப்போட வருவாரு.

அந்த ஆஸ்பத்திரிக்குப் பெரிய டாக்டரம்மா சகாயராணின்னு. பேசறது கம்மி. போறப்ப வண்டியில ஏறிக்கிட்டே, "வாராவாரம் திங்கக்கிழமை காலையில வேலை எந்த மட்டுல இருக்குன்னு ஒரு ரிப்போர்ட் வந்துடணும்"னாங்க. மொதலாளிக்கு ரிப்போர்ட்டுன்னா சர்க்கரை எவ்வளவுன்னு வர்ற ரிப்போர்ட்டுதான் தெரியும். முகமெல்லாம் வேர்த்துப் போச்சு. எங்க நாலு பேரையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, "அம்மிணி, நீ பிரஸ்ஸுல இருந்தவளாச்சே"ன்னாரு.

இருந்தேனுங்க. பதினாலு வருசம் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற பிரஸ்ஸுல பேர் சரிபாக்கறதுதான் என்ற சோலி. அதுல என்னை அடிச்சுக்க ஆளில்ல. தாய்மாமன் பேரு எங்க வரணும், சித்தப்பாவுக்கு மேலயா பெரிய மாப்பிள்ளை, செத்துப் போனவருக்கு என்ன போடறது, எல்லாம் விரல் நுனியில இருக்குது. ஒருக்கா ஒரு பங்காளி பேரு விட்டுப் போயி, மண்டபத்துல எலை போட்டு அரை மணி நேரம் சாப்பாடே பரிமாறலைங்க. எழுத்துத் தப்பாயிருந்தா மன்னிப்பாங்க, பேரை விட்டா மன்னிக்க மாட்டாங்க. அந்த அனுபவம் ரிப்போர்ட்டு எழுத எவ்வளவு ஒத்தாசையா இருந்துச்சுங்கறீங்க.

மொத வாரம் மட்டும் சறுக்கிப்போட்டேன். மொதலாளி சொன்னபடிக்கே, 'தூண் நிறுத்தற வேலை ரெண்டு நாள் பாக்கி, செங்கோடன்'னு எழுதி வாட்ஸ்அப்புல அனுப்பிட்டேன். அன்னைக்கு மத்தியானம் செங்கோடன் சோத்துப் போசியைத் தொறக்கவே இல்லீங்க. எதுக்க வந்து நின்னுக்கிட்டு, "ஏனுங்க, என்ற பேரைப் பாக்கியில எழுதிக் குடுத்துட்டீங்களாமா"ன்னாரு. போலீஸ் ஸ்டேசன்ல எழுதிக் குடுத்தாப்பல கேக்கறாருங்க. முப்பது வருசம் வெல்டிங் வெச்ச மனுசன், கண்ணு கலங்கிப் போச்சு. எனக்கே ஒரு மாதிரி ஆயிப் போச்சு.

அன்னைக்கு முடிவு பண்ணினேன். இனிமே ஒருத்தர் மனசும் நோகக் கூடாது, ஒருத்தர் பேரும் விட்டுப் போகக் கூடாது. ரெண்டாவது ரிப்போர்ட்டை எழுதினேன் பாருங்க, மேல வருசம், மாசம், திதி, நட்சத்திரம் எல்லாம் போட்டு. 'எங்கள் அன்பிற்கினிய மேஸ்திரி உயர்திரு செங்கோடன் அவர்கள் தமது பொற்கரங்களால் நான்கு தூண்களை நிறுத்தியருளினார்கள்'. பாக்கிங்கற வார்த்தையே கெடையாது. தாமதத்துக்கு மழைன்னு போட்டேன். கரூர்ல ஏதுங்க மழை. ஆனா மழையைச் சொன்னா யாருக்கும் கோவம் வராது பாருங்க.

செங்கோடன் அதைப் பிரிண்டு போட்டு வூட்டுக்கு எடுத்துட்டுப் போயி லேமினேசன் பண்ணி வெச்சுட்டாருங்க.

நாலாவது வாரம் தினகரன் வில்லங்கம் பண்ணினாப்ல. அந்த வாரம் அவனுக்கு வேலை இல்ல. தகடு அடிச்சு முடிச்சாத்தான் மேக்கொண்டு வயரு இழுக்க முடியும், அதனால பேரு வரலை. போன் பண்ணினா எடுக்கலை. அவன் சம்சாரம் எனக்குப் போன் பண்ணி, "அக்கா, அவரு இன்னும் அங்கதானே வேலையில இருக்காரு?"ன்னு கேட்டுச்சு. ஆனா அடுத்த வாரம் பாருங்க, என்ன ஒரு சுறுசுறுப்புங்கறீங்க. டிரைவர் சீட்டுல இருந்து பின்னால வரைக்கும் ஏற்கெனவே இழுத்து முடிச்ச வயரை எல்லாம் உருவிப்போட்டு, ஒண்ணொண்ணா மறுபடி இழுத்தான். நாலு நாள். 'இளைய மின் மேதை தினகரன் அவர்கள் இரண்டாம் முறையாகவும் தம் திறமையை நிரூபித்தார்கள்'னு ஏழு வரி எழுதினேன். பையன் முகத்துல அன்னைக்கு வந்த தெளிவை நீங்க பாத்திருக்கணும்.

ஏழு வரிங்கறது செங்கோடன் கண்ணுல பட்டுப் போச்சு. அவருக்கு அந்த வாரம் அஞ்சு வரிதான். உடனே படிக்கட்டு சரியில்லைன்னு வெட்டி எடுத்துட்டு, அதே எடத்துல அதே படிக்கட்டைத் திருப்பி வெச்சாரு. எட்டு வரி குடுத்தேன். ரஹீம் பாய் பொறுமைசாலிங்க, ஒரு வார்த்தை கேக்க மாட்டாரு. ஆனா வெள்ளை மேல மறுக்கா வெள்ளை அடிச்சாரு. மூணாவது தடவையும் அடிச்சாரு. "பாய், காஞ்சதுதானே?"ன்னு கேட்டேன். "அம்மா, ஆஸ்பத்திரி வண்டி, வெள்ளை நல்லா இருக்கணும்ல"ன்னாரு. எப்பேர்ப்பட்ட ஈடுபாடு பாருங்க. இப்படி ஒருத்தரைப் பாத்து ஒருத்தர் செஞ்ச வேலையவே திருப்பித் திருப்பிச் செய்யற கூட்டத்தை வேற எந்தப் பட்டறையிலயாச்சும் பாத்திருக்கீங்களா?

திங்கக்கிழமை வந்துட்டா டீ வாங்கியாந்து வெச்சுக்கிட்டு நான் சத்தமாப் படிக்கணும், எல்லாரும் சுத்தி உக்காந்து கேப்பாங்க. பதினொரு மணியாயிரும். சனிக்கிழமை மத்தியானம் ஒவ்வொருத்தரா ஸ்டோருக்கு வந்து, "இந்த வாரம் என்னை எப்படிப் போடறீங்க?"ன்னு நிப்பாங்க. தினகரனோட மாமியாளுக்கு மேலுக்குச் சொகமில்லைன்னு ஒரு வரி சேத்தேன். டீக்கடைக்கார ராமாத்தாளக்கா கேட்டுதுன்னு 'தேநீர் உபயம்'னு அதையும் போட்டேன். ஒரு பக்கத்துல ஆரம்பிச்சது ஆறு பக்கமாயிருச்சுங்க. ஒரு மனுசர் மொகத்துல சுளிப்பு கெடையாது. மொதலாளி மட்டும் ராத்தூக்கம் இல்லைன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. அவருக்கு எப்பவுமே வாயுத் தொந்தரவு.

பதினோரு ரிப்போர்ட்டு போச்சுங்க. ஐப்பசி பத்தாந்தேதி வண்டி குடுக்கறதாப் பேச்சு. அது அதும்பாட்டுக்குத் தாண்டிப் போச்சு. ஐப்பசி கடைசியில ஒரு நாள் முன்னறிவிப்பே இல்லாம டாக்டரம்மா வந்து எறங்கிட்டாங்க. கையில ஒரு பைலு, அதுல என்ற பதினோரு ரிப்போர்ட்டும் அடுக்கா இருக்குது. நேரா என்கிட்ட வந்து, "தவமணி நீங்கதானா? எங்க நர்சுங்க திங்கக்கிழமை உங்க ரிப்போர்ட்டுக்காக அடிச்சுப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. தினகரன் மாமியாருக்கு இப்பத் தேவலையா?"ன்னாங்க.

எனக்கு உச்சி குளுந்து போச்சு. "தேவலைங்க மேடம்"னேன்.

"ரொம்ப சந்தோஷம். கல்யாணப் பத்திரிகை மாதிரியே எழுதியிருக்கீங்க. எல்லார் பேரும் இருக்கு. முகூர்த்தம் என்னைக்குன்னு மட்டும் பதினோரு பத்திரிகையிலயும் இல்லையே அம்மா"ன்னாங்க.

அம்மிணி, பதினாலு வருசம். தேதி விட்டுப் போன பத்திரிகை என்ற கையைத் தாண்டிப் போனதே கெடையாதுங்க. பைலை வாங்கிப் பொரட்டிப் பொரட்டிப் பாக்கறேன், நெசமாவே இல்ல. தரையில ஒரு குழி இருந்தா எறங்கியிருப்பேன்.

அந்தம்மா கத்தலைங்க. கத்தியிருந்தாத் தேவலை. மெதுவாச் சொன்னாங்க. "கண்ணுல பொரை முத்திப்போய் நாப்பது பேரு கேம்ப் எப்பன்னு என்னைக் கேட்டுக்கிட்டே இருக்காங்க. நீங்க தேதி சொல்லாம நான் என்னத்தைச் சொல்லட்டும்? ரெண்டு பேஷண்டுக்கு நடுவுல எனக்கு ரெண்டு நிமிஷம் கெடைக்கும். அதுல படிக்கிற மாதிரி நாலே வரி போதும். என்ன முடிஞ்சது, என்ன பாக்கி, எது தடையா நிக்குது, என்னைக்கு வண்டி வரும். பேரு வேண்டாம், பட்டம் வேண்டாம். இல்லாத மழையும் வேண்டாம்." அப்புறம் மொதலாளி பக்கம் திரும்பி, "ரெண்டு வாரம். முடியலைன்னா வண்டியை இப்படியே இழுத்துக்கிட்டு வேற பட்டறைக்குப் போயிடுவேன். அந்த நாலு வண்டியும் அங்கதான்"னாங்க.

மொதலாளி அப்படியே டயர் மேல உக்காந்துட்டாருங்க. மச்சினரு அன்னைக்குன்னு பாத்து டேப்போட வந்திருந்தாரு.

அப்புறம் எழுதினேன், நாலு வரி. எழுதறப்பக் கையி கூசுச்சு. அம்மணமா நடந்து போறாப்பல இருக்குதுங்க. 'உள் தகடு முடிந்தது. வயரிங் பாக்கி மூன்று நாள். பின் கதவுக் கண்ணாடி வரவில்லை. வண்டி கார்த்திகை பதினைந்து.' இதைச் சத்தமா என்னத்தைப் படிக்கறது? டீ வாயில வெக்கறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. நாலு பேரும் மூஞ்சியை மூஞ்சியைப் பாத்தாங்க. தினகரன், "அவ்வளவுதானாக்கா?"ன்னான். பேசறதுக்கு ஒண்ணும் இல்லாம எல்லாரும் எந்திரிச்சு வேலைக்குப் போயிட்டாங்க. தினகரன் வயரை ஒருக்கா இழுத்ததோட விட்டுட்டான். ரஹீம் பாய் ஒரே கோட்டு. கண்ணாடி வரலைன்னு படிச்ச டாக்டரம்மா அவங்களே கம்பெனிக்காரனுக்குப் போன் போட்டு, மூணாம் நாளு கண்ணாடி வந்து எறங்கிருச்சு. பதிமூணே நாள்ல வண்டி ரெடி.

நாலு வரியாலதான் ஆச்சுன்னு பட்டறையில பேசிக்கிறாங்க. எனக்குச் சிரிப்புதான் வருது. பதினோரு வாரமா நான் எழுதி எழுதி ஏத்தி விட்ட உற்சாகம் உள்ளுக்குள்ள ஊறிக் கெடந்து கடைசியில வேலை செஞ்சிருக்குதுங்க. யாருக்கு அது புரியப் போவுது?

சரி, வண்டி முடிஞ்சுது, ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல பாஸும் ஆயிருச்சு. மார்கழி பொறந்துட்டா எங்க மொதலாளி புது வண்டி குடுக்க மாட்டாரு, அதனால இன்னைக்குப் பத்தரைக்கு வண்டி குடுக்கற விழா. பன்னெண்டுக்கு ராகுகாலம் பொறக்கறதுக்குள்ள முடிச்சாகணும். டாக்டரம்மா வர்றாங்க. வண்டியைக் கையில வாங்கிட்டு அங்கயே அந்த நாலு வண்டிக்கும் ஆர்டர் குடுக்கறதா ஏற்பாடு. மொதலாளி பெருமையா அழைப்பிதழ் அடிச்சிருந்தாரு. என்னைக் கேக்கலைங்க. என்னைக் கேக்காம ஒரு அழைப்பிதழ் அந்தப் பட்டறையில. நேத்து சாயங்காலம் கையில குடுத்தாரு.

பாத்தேன். செங்கோடன் இருக்காரு. தினகரன் இருக்கான். ரஹீம் பாய் இருக்காரு. தேநீர் உபயம் ராமாத்தாள் இருக்குது. தினகரனோட மாமியா பேரு கூட இருக்குதுங்க, சொகமாயிருச்சாம். தவமணி இல்ல. திருப்பிப் பாத்தேன், பின்னாலயும் இல்ல. "ஏனுங்கண்ணா, யார் பேராவது விட்டுப் போச்சுங்களா?"ன்னு சாடையாக் கேட்டேன். "இல்ல அம்மிணி, உன்ற பதினோராவது ரிப்போர்ட்டைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுத்தான் பேரு எடுத்தேன், ஒண்ணு விடலை"ன்னாரு.

பேரு எழுதறவ தன்ற பேரை எங்கயாவது எழுதுவாளாங்க? பிரஸ்ஸுல அது மொதப் பாடம். இதுகூடத் தெரியாம ஒரு மனுசர் பட்டறை நடத்தறாரு. ராத்திரி சாப்பாடு எறங்கலை. காலையில எந்திரிச்சேன், நல்ல சேலையைத்தான் கட்டினேன், பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன், எதுக்க தாராபுரம் பஸ்ஸு நின்னுச்சு. ஏறிட்டேன். கோவமில்லீங்க. போனைக்கூட அணைச்சு வெச்சிருக்கேன், யாரும் கூப்புட்டுக் கெஞ்சக் கூடாதுன்னு.

என்ற ஏழாவது ரிப்போர்ட்டைப் பாக்கறீங்களா? போன்லயே இருக்குது. ரஹீம் பாய் பத்தி எழுதினதைப் படிச்சா உங்களுக்கே கண்ணுல தண்ணி வந்துரும். இருங்க, போடறேன்.

அட, என்ன கெரகமோ, போட்டதும் கொட்டுது. முப்பத்தியேழு தடவை கூப்புட்டிருக்காங்க. இந்தா, மறுபடியும் மொதலாளிதான். எடுக்கட்டுங்களா? எடுக்கச் சொல்றீங்க. சரி, உங்களுக்காக எடுக்கறேன்.

சொல்லுங்கண்ணா. ஆமாங்க, பஸ்ஸுல. கோவமா, எனக்கென்ன கோவம். ஆமாங்க, ஆர்.சி. புக்கு, பாஸ் பண்ணின பேப்பரு எல்லாம் ஸ்டோரு பீரோவுலதான் இருக்குது. சாவி? என்ற இடுப்புலதான் இருக்குது, வேறெங்க இருக்கும்? பூட்டை ஒடைக்கவா? செங்கோடன் கட்டின பீரோங்கண்ணா, அவரே வந்தாலும் ரெண்டு நாளாகும். பேரு விட்டுப் போச்சுன்னு இப்பத்தான் தெரியுதுங்களா? கையில எழுதிச் சேத்துட்டீங்களா? எத்தனையாவது? தினகரனுக்கு மேலயா கீழயா?

மேலதானாம் அம்மிணி.

இருங்க, அங்க யாரோ போனை வாங்கறாங்க. வணக்கம் மேடம். தவமணிதானுங்க. எத்தனை மணிக்கு வருவேன்னா, அதாவது மேடம், இந்த பஸ்ஸுல கண்டக்டர் தம்பி நல்ல மனுசரு, பக்கத்துல ஒரு அம்மிணி தாராபுரம் போகுது, அவங்க... சரிங்க. சரிங்க மேடம். ஒரே வரி. பதினொண்ணே காலுக்கு வந்துருவேனுங்க. காத்திருக்கீங்களா? பேப்பரைப் பாத்ததும் அந்த நாலு வண்டியும்... சரிங்க. தாமதத்துக்குக் காரணமுங்களா? யாரால தாமதம்னு பேரோட எழுதி இப்பவே அனுப்பணுமா? சரிங்க மேடம். மழைன்னு போட மாட்டேனுங்க.

வெச்சுட்டாங்க. அந்தம்மா இப்படித்தான், பேச்சை முழுசாக் கேக்க மாட்டாங்க.

கண்டக்டர் தம்பி, சின்னதாராபுரத்துல எறங்கிக்கறேன், எதுக்க வர்ற கரூர் பஸ்ஸைக் கையக் காட்டி நிறுத்தி வெய்யி சாமி. பதினொண்ணே காலுக்கு நான் அங்க இருந்தாகணும்.

இப்ப இதை எழுதணுமே. யாருன்னு போடறது? மொதலாளி பேரைப் போட்டா அவருக்குத் தாங்காது, ஏற்கெனவே வாயு. மத்த மூணு பேரும் பாவம், ஒரு தப்பும் பண்ணலை. என்ற பேரைப் போட்டுக்கறதுன்னா, பிரஸ்ஸு வழக்கப்படி அது ஆகாது. யார் மனசும் நோகாத ஒரு பேராப் பாத்துத்தான் போடணும். நீங்க தாராபுரத்துல எறங்கிட்டா அப்புறம் எங்க பட்டறைப் பக்கம் எங்க வரப் போறீங்க. உங்க பேரென்னன்னு இந்நேரம் வரைக்கும் கேக்கவே இல்ல பாருங்க. மொத வரியிலயே போட்டுடறேன். திருமதிங்களா அம்மிணி, செல்விங்களா?